இன்னும் கொஞ்சம் ஏறட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பணமாற்றுக் கடையில். எப்போதோ ஒரு பயணத்தில் மிஞ்சி, மேசை இழுப்பறையில் கிடந்த வெளிநாட்டு நோட்டுகள் நாலைந்தை மாற்றப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர், ஒரு நடுத்தர வயதுப் பெண். சேர்ந்து வந்தவர்கள்தான், அவருடைய குடையையும் அவளே பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்கள் ஒளிரும் விலைப்பலகை. வரிசை மொத்தமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு எண் மாறியது.

பெரியவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் பையைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். ஒரே பலகை, ஒரே எண், ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர். மிச்சமெல்லாம் நான் கட்டிக்கொண்டது. வாரப் பத்திரிகைத் தொடரிலேயே வளர்ந்த கை, சும்மா இருக்குமா?

[எழுதி அடித்தது: அவள் சரிந்து உட்கார்ந்தபோது கைப்பை திறந்துகொண்டது. உள்ளே, கைக்குட்டைக்கு அடியில், அந்தக் கறுப்புத் துப்பாக்கி—]

துப்பாக்கியை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் உட்கார்ந்த விதத்துக்குத் துப்பாக்கி ரொம்பச் சின்னக் காரணம்.

2

இரண்டாவது தொடக்கம்: "அந்த வீட்டில் காலையில் முதலில் கண் விழிப்பது ரேட்."

கொஞ்சம் சாமர்த்தியம் தூக்கலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டு நடப்பு அதுதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.

மருமகள் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருப்பாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஏழரை மணிக்கு முதல் ஆள் வெறும் வயிற்றோடு வந்து நிற்பார், அதற்குள் போயாக வேண்டும். வீட்டுக் கூடத்தில் மாமனார் கைபேசியைக் கை நீளும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்.

"ஏறிடுச்சும்மா."

"எவ்வளவு மாமா?"

"நேத்து அம்பத்தெட்டு. இன்னிக்கு அம்பத்தெட்டரை."

"அப்ப இன்னிக்கே அனுப்பிடச் சொல்லட்டுமா?"

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம். இரு. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

அவருடைய மகன், இவளுடைய கணவன், வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். போய் நான்கு வருடம். சம்பளம் வந்ததும் அனுப்ப மாட்டான். அப்பா வாயிலிருந்து 'அனுப்பு' என்ற சொல் வர வேண்டும். அதுவரை பணம் அங்கேயே கிடக்கும். சில மாதம் இரண்டு நாள், சில மாதம் இரண்டு வாரம். பெரியவரின் பொறுமை பெரும்பாலும் ஜெயித்தது. அப்படிக் காத்திருந்து கிடைத்த உபரியில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. வீட்டில் அதற்கு 'ரேட் மெஷின்' என்று பெயர். பதினொரு வயதுப் பேத்தி அவரை 'ரேட் தாத்தா' என்பாள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

இடையில் ஒரு விளக்கம், கட்டுரை மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பணம் இரண்டு ஜாதி: இங்கத்துக் காசு, அங்கத்துக் காசு. ரேட் ஏறுகிறது என்றால், அங்கத்துக் காசு ஒன்றுக்கு இங்கத்துக் காசு முன்னைவிட அதிகம் தர வேண்டும். அதாவது நம் பணம் இளைத்துவிட்டது. தெருவில் எண்ணெய் விலை ஏறும், மருந்து விலை ஏறும், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று அரசாங்கத்தைத் திட்டுவார். இந்த வீட்டில் மட்டும் காலைத் தேநீரோடு ஒரு சந்தோஷம் இறங்கும். குடியிருக்கும் நாட்டின் பணம் சரியச் சரிய மகிழ்கிற வீடு. யாரும் கெட்டவர்கள் இல்லை. வரவு வருகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.*

(* இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள். இதன் மேல்தான் இனிமேல் எல்லாம் நிற்கிறது.)

3

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கணவனை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அங்கே இன்னொரு குடும்பம், இன்னொரு பெண், இரண்டாவது கைபேசி. எழுத வரவில்லை. அவன் அறையை நினைத்துப் பார்த்ததும் வில்லத்தனம் செய்ய அங்கே இடமே இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு அறையில் நான்கு ஆண்கள், இரண்டு அடுக்குக் கட்டில்கள். வாடகையின் கால் பங்கே சம்பளத்தில் பெரிய துண்டு. பேருந்து அட்டை, மின்சாரம், கட்டாயக் காப்பீடு என்று மிச்சத்திலும் கடி விழும். கடை மூடும் நேரத்தில் ரொட்டியின் மேல் பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். அந்த நேரத்துக்குத்தான் இவன் கடைக்குப் போவான்.

வீடியோவில் ஒரு நாள்:

"என்னங்க தலை இது? எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"நானே வெட்டிக்கிட்டேன். இங்க கடையில வெட்டினா என்ன ஆகும் தெரியுமா? நம்ம காசுல ஆயிரத்தைந்நூறு."

"நம்ம காசுல எதுக்குப் பாக்கறீங்க? சம்பளம் அந்தக் காசுலதானே வருது?"

"தெரியுது. பெருக்காம இருக்க முடியலை."

மேல் கட்டிலில் இருந்து ஒரு குரல் கேட்டது. அந்த ஊருக்கு வந்து பத்து வருடமான ஓட்டுநர். "தங்கச்சி, அவன் தண்ணி பாட்டிலைக்கூடப் பெருக்கித்தான் பாக்குறான். பெருக்கறதை என்னிக்கு நிறுத்துறானோ அன்னிக்குத்தான் அவன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததா கணக்கு."

அங்கே இருப்பவன் செலவைப் பெருக்கிப் பார்த்துப் பட்டினி கிடந்தான். இங்கே இருப்பவர்கள் சம்பளத்தைப் பெருக்கிப் பார்த்துப் பெருமைப்பட்டார்கள். ஒரே வாய்ப்பாடு, ஒரு முனையில் எலும்பு, மறு முனையில் ரேட் மெஷின்.

நான்காம் வருட முடிவில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி கிடைத்தது. "வந்துடுங்க. அப்பாவை விட்டுட்டு வர வேண்டாம்" என்றான். நிபந்தனை ஒன்று இருந்தது. வருகிறவர்கள் முதல் வருடம் சாப்பிட, குடியிருக்க, மருந்து வாங்கத் தேவையான தொகையை முன்கூட்டியே அந்த நாட்டுப் பணத்தில் வங்கியில் காட்ட வேண்டும். வயது வந்தவர் ஒருவருக்கு இருபதாயிரம், குழந்தைக்குப் பத்தாயிரம். மருமகள், மாமனார், பேத்தி மூவருக்கும் சேர்த்து ஐம்பதாயிரம். இன்னொன்று: பெற்றோரைச் சேர்த்து அழைக்கும் வழி அந்த வருடத்தோடு அடைபடுகிறது. தவறவிட்டால் மகனோடு இருக்க அப்பாவுக்கு வேறு வாசல் கிடையாது.

மாமனார் பெயரில் இருந்த வீட்டை விற்றார்கள். கடன், தரகு எல்லாம் போக முப்பத்தொரு லட்சத்துச் சொச்சம் அவருடைய கணக்கில் விழுந்தது. அன்றைக்கு ரேட் அறுபது. ஐம்பத்திரண்டாயிரம் ஆகும். தேவைக்கு மேலேயே.

4

இங்கே நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன். மாமனார் என்ன வேலை பார்த்தவர் என்று முடிவு செய்ய முடியவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. இனி அவர் செய்யப்போவதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்பது இதில்தான் இருக்கிறது.

வங்கிக் காசாளர் என்று எழுதினால், 'இவருக்கா தெரியாது?' என்று உடனே சந்தேகப்படுவீர்கள். திரையரங்கில் டிக்கெட் கிழித்தவர் என்று எழுதினால், 'பாவம், என்ன தெரியும்?' என்று மன்னித்துவிடுவீர்கள். இரண்டு முறையும் கதையை நானே முடித்துவைத்த மாதிரி ஆகிவிடும்.

[அடித்தது: மாமனார் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரி—]

கடைசியில் லாரி எடை மேடையில் உட்காரவைத்தேன். சரக்கு லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து எண்ணைப் படித்துச் சொல்வது அவர் வேலை. எண் அவருக்குப் புதிதில்லை. ஆனால் அந்த எண்ணால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது கூண்டுக்கு வெளியே நடக்கிற பேச்சு. அதில் அவர் தலையிட்டதில்லை.

இப்போது அவருக்குத் தெரியுமா என்பது எனக்கும் தெரியாது. அதுதான் நியாயம்.

5

வீடு விற்ற மறுநாள் காலை.

"மாமா, பணத்தை எப்ப மாத்தலாம்?"

"நீ உன் வேலையைப் பாரும்மா. ரேட் என் பொறுப்பு."

அவளுக்கு நிஜமாகவே வேலை இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் விலகல் கடிதம் கொடுத்திருந்தாள். புதிதாக வந்த பெண்ணுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாமான்களை விற்க வேண்டும், பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். காலையில் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டே காதை மட்டும் கூடத்துப் பக்கம் வைத்திருப்பாள்.

"அறுபத்திரண்டும்மா."

"நல்லது மாமா."

அடுத்த வாரம்: "அறுபத்தஞ்சு."

"பரவாயில்லையே. இப்ப மாத்திடலாமா?"

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

வாசகரே, கையைத் தூக்காதீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. இப்போது அவர்கள் அங்கத்துக் காசை வாங்குகிற பக்கம் நிற்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் விற்ற வீட்டிலிருந்து ஒரு சுவர் கழன்று விழுகிறது. நீங்கள் வெளியே நிற்பதால் தெரிகிறது. நான்கு வருடம் அந்தத் தேநீரைக் குடித்திருந்தால் நீங்களும் 'நல்லது மாமா' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அங்கிருந்து மகன்கூட, "எழுபதைத் தொட்டுடுச்சாப்பா? சபாஷ்" என்றான். அவன் கவனம் எல்லாம் குடும்பத்துக்கு வாடகை வீடு தேடுவதில் இருந்தது. கிடைத்த வீட்டுக்கு முன்பணம் கட்டியதில் அவன் சேமிப்பு வழித்து எடுத்தாயிற்று.

நாட்டுக்கு ஏதோ நெருக்கடி. தொலைக்காட்சியில் கோட் போட்டவர்கள் கையை ஆட்டிப் பேசினார்கள். ஐந்தே வாரத்தில் அறுபது எழுபத்தைந்தைத் தொட்டது.

6

அன்றைக்குத்தான் பணமாற்றுக் கடைக்குப் போனார்கள். அவர்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண், காது வளையம் ஆட ஆட, கணக்குப் போட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நாப்பத்தோராயிரத்து அறுநூறு வரும்."

"அம்பத்திரண்டு வரணுமே" என்றாள் மருமகள்.

"போன மாசம் வந்திருந்தா வந்திருக்கும்."

"ரேட் ஏறித்தானே இருக்கு?"

கவுண்டர் பெண் இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். இந்தக் கேள்வி அவள் காதில் முன்பும் விழுந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டாள். "அக்கா, ஏறினா விக்கிறவங்களுக்கு நல்லது. நீங்க வாங்குறீங்க."

பலகையில் எண் மாறியது. எழுபத்தைந்தே கால். பெரியவர் சிரித்தார். பழக்கத்தில் வந்த சிரிப்பா, வேறு எதுவுமா என்று வரிசையில் நின்ற எனக்குத் தெரியவில்லை. மருமகள் உட்கார்ந்தாள்.

எட்டாயிரத்துச் சொச்சம் குறைகிறது. அங்கத்துக் காசில் எட்டாயிரம். பெருக்கினால் ஆறு லட்சத்துக்கு மேல். அவளுக்கும் மகளுக்கும் முப்பதாயிரம் போதும், அது இருக்கிறது. குறைகிற தொகை மூன்றாவது ஆளுடைய பங்கில் விழுகிறது.

(நகையை விற்கலாமே என்பவருக்கு: பயணச் செலவுக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் அது எப்போதோ போய்விட்டது. கடன் வாங்கலாமே என்பவருக்கு: காட்டும் பணம் எப்படி வந்தது என்று ஆதாரம் கேட்பார்கள், கடன் செல்லாது. ரேட் இறங்கும்வரை காத்திருக்கலாமே என்பவருக்கு: விண்ணப்பிக்க மீதி இருந்தது நான்கு நாள். இந்த மூன்று வாசலையும் நான்தான் சாத்தினேன். திறந்து வைத்தால் நீங்கள் அந்தப் பக்கமாக நழுவிவிடுவீர்கள். அவளுக்கு அந்த வசதி இல்லை.)

7

மாலை. விற்ற வீடு, மாத முடிவு வரை இருந்துகொள்ள வாங்கியவர் சம்மதித்திருந்தார். கூடத்தில் நாற்காலிகள்கூடப் போய்விட்டன. மாமனார் கட்டி வைத்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். பேத்தி பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

மருமகள் கைபேசியில் கணவனிடம் பேசி முடித்திருந்தாள். அவன் நீளமாக எதுவும் சொல்லவில்லை. "அப்பாவைத் திட்டாதே" என்றான். பிறகு, "நீங்க ரெண்டு பேராவது வாங்க" என்றான். பிறகு, "என்ன செய்றதுன்னு நீயே பாரு" என்றான். ஒரே அழைப்பில் மூன்று கணவர்கள்.

அவள் மாமனார் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் துப்பறியத் தெரியாது. அவர் வர விரும்பினார், விரும்பவில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் அவளிடம் துண்டு துண்டாக நினைவுகள் இருந்தன. குளிருக்குத் தடித்த சட்டை எடுக்கப் போனபோது, "எனக்கு வேண்டாம்மா, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். வீட்டை வாங்கியவரிடம், பின்பக்க அறையை வாடகைக்கு விடுவீர்களா என்று ஏதோ பேச்சுவாக்கில் கேட்டார். அதே மனிதர்தான், அந்த ஊர் மொழியில் வணக்கம் சொல்லப் பேத்தியிடம் உட்கார்ந்து பழகினார். உச்சரிப்பு தப்பினால் அவள் அவர் தலையில் குட்டுவாள், வாங்கிக்கொண்டார். புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார், "அங்க போனா இதுக்கு நம்ம காசுல எவ்வளவோ" என்று.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"தெரியாமத்தான் செஞ்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"தெரியாமத்தான்னு சொன்னா, ஒரு கிழவன் பண்ண தப்புக்கு அவனைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு உனக்கு ஆயுசுக்கும் உறுத்தும். தெரிஞ்சுதான் செஞ்சேன்னு சொன்னா, எங்களோட வர அவ்வளவு கசந்துச்சான்னு உறுத்தும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எதைச் சொன்னா நீ கிளம்புறதுக்கு லேசா இருக்கும்? நீயே சொல்லு. அதையே சொல்லிடறேன்."

"நான் இன்னும் கிளம்பறேன்னு சொல்லலையே மாமா."

"சொல்லாட்டி போ. நாலு வருஷமா அவன் முடியை அவனே வெட்டிக்கிறான்."

8

பத்திரிகையின் பொறுப்பாசிரியர் தொலைபேசியில் வந்தார். முக்கால்வாசியை அனுப்பியிருந்தேன்.

"சார், படிச்சேன். நல்லாத்தான் போகுது. கிழவர் வேணும்னு செஞ்சாரா, இல்லையா?"

"தெரியலை."

"தெரியலையா? நீங்கதானே சார் எழுதறீங்க?"

"ஆமா."

"ஒரு துப்பாவது வைங்க. நம்ம வாசகருக்குத் துப்பு இல்லேன்னா சாப்பாடு இறங்காது."

வைத்துப் பார்த்தேன். நான்கு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் மருமகளும் மகளும் போகிறார்கள். பெரியவர் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறார். காலையில் ரேட் பார்க்கிறார். மகன் அனுப்பும் பணத்துக்காக அது மறுபடியும் ஏற வேண்டும். [இதை எழுதியபோது என் கை கூசியது. ஆனால் நடக்கக்கூடியது இதுதான்.]

இரண்டாவதில் யாரும் போகவில்லை. மகன் திரும்பி வருகிறான். விற்ற வீட்டை வாங்கப் பணம் போதவில்லை. அங்கே கட்டிய முன்பணமும் போயிற்று. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்; ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள்.

மூன்றாவதில், நெருக்கடி தீர்ந்து, கடைசி நாள் காலையில் ரேட் அறுபத்திரண்டுக்கு இறங்குகிறது. பெரியவர் முதல் தடவையாக, "இறங்கிடுச்சும்மா" என்று கத்துகிறார். தொடர்கதையாக இருந்தால் இதைத்தான் கொடுத்திருப்பேன், பக்கத்தில் ஒரு படமும் போட்டிருப்பார்கள். எந்தப் பணமும் எனக்குத் தெரிந்து யாருக்காகவும் அப்படி மனமிரங்கி இறங்கியதில்லை. கிழித்துவிட்டேன்.

நான்காவதில் மருமகள் மகளை மட்டும் தந்தையிடம் அனுப்பிவிட்டு மாமனாரோடு தங்குகிறாள். இரண்டு பத்தி எழுதினேன். பிறகு, விமான நிலையக் கதவைத் தாண்டி அந்தப் பதினொரு வயதுப் பெண் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் வந்தது. அந்த வாக்கியத்தை—

9

விண்ணப்ப மையம். கடைசி நாளுக்கு முந்தைய நாள், காலை பத்து மணி. குளிரூட்டியின் இரைச்சல். வரிசை எண்ணைக் கூப்பிடும் பெண் குரல் எல்லா எண்களையும் ஒரே அன்போடு கூப்பிட்டது.

மூவரும் வந்திருந்தார்கள். அவரும் வர வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்தாளா, மருமகள்தான் அழைத்தாளா என்பதை நான் எழுதிவைக்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார். முந்தின நாள் மருமகள் வங்கிக்குப் போய்ப் பணத்தை மாற்றிவிட்டாள். கேட்ட இடத்தில் எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அவர்களிடம் இருப்பது அது, கேட்பது ஐம்பது. மூன்று பேர் என்று விண்ணப்பித்துவிட்டு, குறைவை மன்னியுங்கள் என்று மன்றாடலாம். அப்படிச் சிலருக்குக் கிடைத்திருக்கிறதாம். சிலருக்கு மொத்த விண்ணப்பமும் தள்ளுபடியாகி மூவருமே போக முடியாமல் ஆனதாம். இரண்டு பேர் என்றால் தடையே இல்லை.

அவர்கள் எண் வந்தது. மருமகள் எழுந்தாள். பேத்தியின் காலணி நாடா அவிழ்ந்திருந்தது. பெரியவர் குனிந்து கட்டிவிட ஆரம்பித்தார்.

கவுண்டரில் கழுத்துப் பட்டி கட்டிய இளைஞன். ராத்திரி சரியாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான். விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மொத்தம் எத்தனை பேர்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் நாடாவில் முடிச்சுப் போட்டு, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நான் எழுதுவது இந்த வரியோடு சரி. பொறுப்பாசிரியர் என்னைத் திட்டட்டும். முடிவு எழுதத் தெரியாமல் நிறுத்தவில்லை. நான்கு எழுதினேன், பார்த்தீர்களே. அந்த நான்கிலும் அவள் வாயில் எண்ணை வைத்தவன் நான்தான். எனக்கு அப்பாவும் உயிரோடு இல்லை, வெளிநாட்டில் யாரும் இல்லை, விற்க வீடும் இல்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

உங்களில் யாருக்காவது வந்திருக்கும். இளைஞன் காத்திருக்கிறான், அவளுக்குப் பின்னால் வரிசை நீளுகிறது. எண்ணைச் சொல்லுங்கள்.

குரலை மட்டும் கொஞ்சம் தணித்துச் சொல்லுங்கள். அவர் காதில் விழுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.